பழைய காசை உருக்குறது யாரு?

நாணயம் சேர்க்கிறவங்க நாலு பேர் கூடினா ஒரு புலம்பல் நிச்சயம். "தோண்டும்போது கிடைக்கிற வெள்ளிக்காசை எல்லாம் உருக்கிடறானுங்க, நம்ம ஜனங்களுக்கு வரலாறே தெரியல." அம்பத்தூர், ஆவடி அடகுக்கடைகள்ல இதுக்காகவே சுத்தற ஆளு நான். என்னைக் கேட்டா திட்ட வேண்டியது ஜனங்களை இல்ல, 1878-ல வெள்ளைக்காரன் போட்ட புதையல் சட்டத்தை.

பூந்தமல்லி பக்கம் ஒருத்தர் வீடு கட்ட வானம் தோண்டறார்னு வைங்க. ஒரு சொம்பு நிறைய ஆற்காடு ரூபாய் கிடைக்குது. பத்து ரூபாய்க்கு மேல மதிப்புள்ள எதுவா இருந்தாலும் கலெக்டருக்கு எழுதிக் கொடுக்கணும். மறைச்சா ஒரு வருஷம் வரை ஜெயில். சரி, நாணயமா போய்ச் சொன்னா? உரிமை கோர்றவங்க வரட்டும்னு அறிவிப்பு போட்டு நாலுலேருந்து ஆறு மாசம் காத்திருக்கணும். அப்புறம் அரசாங்கம் வேணும்னா எடுத்துக்கும். 16-வது பிரிவுல எழுதி வச்ச விலை என்ன தெரியுமா? உலோகத்தோட மதிப்பு, கூட அதுல அஞ்சுல ஒரு பங்கு. அவ்ளோதான்! சேட்டு பத்தே நிமிஷத்துல எடை போட்டுக் காசு கொடுத்துடுவார். நீங்களா இருந்தா எங்க போவீங்க?

ஆற்காடு ரூபாயை வெறும் வெள்ளியா எடை போடறதே அநியாயம். 1742-ல நவாப்கிட்ட அனுமதி வாங்கி கம்பெனிக்காரன் சென்னையில அடிச்ச காசு அது. வில்லையை ரெண்டு அச்சுக்கு நடுவுல வச்சு, சம்மட்டியால ஒரே போடு. அச்சு பெருசு, வில்லை சிறுசு. அதனால பாரசீக எழுத்துல பாதி வெளிய போயிடும். எது விழுந்தது, எது போச்சுன்னு காசுக்குக் காசு மாறும். தாமரைக் குறி முழுசா விழுந்த ஒண்ணு கிடைச்சா அன்னிக்குத் தூக்கம் வராது :-)

இங்கிலாந்துலயும் 1662 வரைக்கும் இதே சம்மட்டிதான். முதலாம் எலிசபெத் காலத்து வெள்ளிக்காசுகள் இன்னிக்கும் அங்க வயல்ல கிளம்புது. 1996 சட்டப்படி, மியூசியம் எடுத்துக்கிட்டா தனிக்குழு சந்தை விலை நிர்ணயிக்குது, பணம் கண்டுபிடிச்சவருக்கும் நிலத்துக்காரருக்கும் போகுது. திருட்டுத்தனமா தோண்டறவன் அங்கயும் இருக்கான், இல்லேங்கல. ஆனா ஒழுங்கா சொல்றவனுக்கு நஷ்டமில்ல.

அந்த எலிசபெத் காசை ஆயிரக்கணக்குல கொடுத்து வரவழைச்சு கண்ணாடிப் பெட்டியில வைக்கிற நம்ம ஆளுங்கதான், கொத்தனாருக்கு வரலாற்று வகுப்பு எடுக்கறாங்க. முதல்ல அந்த அஞ்சுல ஒரு பங்கை அடிச்சுட்டு 'சந்தை விலை'ன்னு எழுதச் சொல்லுங்கய்யா. மனு எழுத நான் ரெடி. சட்டம் தெரிஞ்ச நண்பர்கள் யாராவது கூட வர்றீங்களா?