கல்லாப்பெட்டி யார் கையில்?



போன வாரம் அஞ்சுகிராமம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில் நம்ம தெருப் பையன் ஒருவன் செல்போனை நீட்டினான். காலேஜில் படிக்கிறவன். "அண்ணே, ஒங்க பொஸ்தகம் எனக்கு வாட்ஸ்அப்ல வந்துட்டு. ராத்திரியே படிச்சு முடிச்சுட்டேன்."

வாங்கிப் பார்த்தேன். 300 பிரதி அடித்து, பாதிக்குமேல் இன்னும் என் கட்டிலுக்கடியில் கிடக்கிற அதே புத்தகம். யாரோ பக்கம் பக்கமாய்ப் படம்பிடித்து பிடிஎஃப் ஆக்கியிருக்கிறார்கள். சந்தோசமாகத்தான் இருந்தது. அச்சகத்துப் பாக்கி ஞாபகம் வந்ததும் வயிறு கலங்கியது.

"காசு குடுத்து வாங்கிப் படிச்சா என்னல மக்கா?" என்றேன்.

"சும்மா கெடைக்கும்போ எதுக்குண்ணே பைசா?"

அவனைத் திருடன் என்று சொல்ல என் நாக்கு எழவில்லை. எழுத்தைத் தொடவிடாமல் தலைமுறை தலைமுறையாய் விரட்டப்பட்ட சனம் நாம். நம் பிள்ளை விடிய விடியப் படிக்கிறான் என்றால் அதற்காகத்தானே எழுதினோம்? ஆனால் அவன் படித்தது சும்மாவும் இல்லை. மாசாமாசம் ரீசார்ஜுக்குக் காசு கட்டுகிறான். கம்பெனிக்குப் போகிறது. எழுதியவருக்கும் அச்சுக்கோத்தவருக்கும்தான் சல்லிக்காசு இல்லை.

இது நமக்குப் பழைய கதை. பக்கத்து மயிலாடியின் மகாராசன் வேதமாணிக்கம், சாம்பவர், தஞ்சாவூர்வரை போய் மிஷனரிகளைக் கூப்பிட்டார். 1806இல் ரிங்கல்தௌபே வந்தார். அவருக்குப் பின்வந்த மீட், 1820 வாக்கில் நாகர்கோவிலில் அச்சகம் வைத்தார். நாஞ்சில் நாட்டுக்கு அச்சு வந்த பாதை நம் ஆள் போட்ட பாதை. அச்சகத்துச் சாவி மட்டும் நம் கைக்கு வரவில்லை.

சாவியைக் கையில் எடுத்தவர் அயோத்திதாசப் பண்டிதர். 1907 ஜூன் 19இல் சென்னை ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வந்தது. விலையையே பெயராக வைத்தார். கோலார் தங்கவயல் தொழிலாளர்கள் அதைத் தாங்கிப் பிடித்தார்கள். இல்லாதவனாலும் கொடுக்கக்கூடிய அந்த ஒரு பைசா, வாசகனைப் பத்திரிகையின் பங்காளி ஆக்கியது. பண்டிதர் 1914இல் மறைந்தார். அவர் சிந்தனைகள் பாளையங்கோட்டையிலிருந்து பெருந்தொகுதிகளாக வர 1999 ஆனது. பழைய தாள்களைப் பத்திரப்படுத்தியவர்கள் இல்லையென்றால் அதுவும் வந்திராது.

இன்றைய நிலைமை என்ன? 2024 டிசம்பரில் தபால்துறை பதிவு நூல் அஞ்சலை நிறுத்திவிட்டது. சிற்றிதழ்களுக்கு இருந்த மலிவான வழி ஒன்று அடைபட்டது. மறுபக்கம் 2016 டிசம்பரிலிருந்து அமேசான் கிண்டிலில் தமிழ் நூல் விற்கலாம். அச்சகப் பாக்கி கிடையாது, கடைக்காரர் தயவு வேண்டாம். நல்லதுதான். ஆனால் எழுதியவருக்கு நூற்றுக்கு 35. இந்தியாவில் 70 வேண்டுமென்றால், திட்டத்தில் இருக்கும்வரை அந்த மின்னூலை வேறெங்கும் விற்கவோ சும்மா கொடுக்கவோ கூடாது. யூடியூப் முழுநீள வீடியோவுக்கு விளம்பரக் காசில் 55 பங்கு தருகிறது. ஆனால் வன்முறையைக் காட்டினால் விளம்பரத்துக்கு ஏற்றதில்லை என்று வருமானத்தை வெட்டலாம். நம் சேரி எரிந்ததை எப்படிப்பா 'ஏற்ற' மாதிரிக் காட்டுவது?

இதற்காக டிஜிட்டலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடையை நடத்துவது யாரானாலும் நம் கல்லாப்பெட்டி நம்மிடம் இருக்கவேண்டும்.

ஆகவே இதழ்க்குழு முடிவெடுத்திருக்கிறது. பழைய இதழ்களை ஸ்கேன் செய்து எல்லோரும் இலவசமாய்ப் படிக்க வைக்கிறோம். பிரதிகள் பல தோழர்களிடம் இருக்கும். ஒரே கம்பெனியிடம் ஒப்படைக்க மாட்டோம். புதிய நூல்கள் தாளிலும் மின்னூலாகவும் விலைக்கு வரும். உரிமை எழுதியவருக்கே. வாசகர் விலாசங்கள் நம் நோட்டில் இருக்கும். நாளைக்கு எந்தக் கம்பெனி கணக்கை மூடினாலும் நம்ம சனத்தை நாமே தேடிப்போகலாம்.

பையனுக்கும் இதைத்தான் சொன்னேன்: "கையில இல்லன்னா சும்மா படி மக்கா. நாலு பேருக்குச் சொல்லு. சம்பளம் வாங்கும்போ மறக்காத."

சம்பளம் வாங்குகிற தோழர்களே, நீங்கள் மறந்துவிட்டீர்கள். உங்களில் பலருக்குச் சந்தா முடிந்து வருசமாகிறது. அடுத்த இதழ் அதை நம்பித்தான் நிற்கிறது.

ஜெய்பீம்!

ஆசிரியர்
அஞ்சுகிராமம்