பனிமலையே பார்க்காத பென்குயின்கள்!

பென்குயின் படம் வரையச் சொன்னால், குழந்தைகள் முதலில் வரைவது பனிமலையைத்தான். ஆனால், மும்பை பைகுலா உயிரியல் பூங்காவில் இருக்கும் பென்குயின்களின் பூர்வீகம் பனிப்பிரதேசம் அல்ல; பாலைவனத்தை ஒட்டிய கடற்கரை!

2016 ஜூலையில் தென்கொரியாவிலிருந்து எட்டு ஹம்போல்ட் பென்குயின்கள் இங்கே வந்தன. அக்டோபரில் ஒன்று நோய்த்தொற்றால் இறந்தது. 2018 ஆகஸ்ட் 15 அன்று பிறந்த முதல் குஞ்சும் சில நாள்களே உயிரோடு இருந்தது. பிறகு பிறந்த குஞ்சுகள் பிழைத்து வளர்ந்தன. கண்ணாடி அறைக்குள் 16 முதல் 18 டிகிரி வரை குளிரூட்டி அவற்றைப் பராமரிக்கிறார்கள்.

குளிர் இருந்தால் மட்டும் போதுமா?

உலகில் சுமார் 18 வகை பென்குயின்கள் உள்ளன. அண்டார்டிகா கண்டத்தில் குஞ்சு பொரிப்பவை அவற்றில் சில வகைகள்தான். கலாபகஸ் பென்குயின் வாழும் தீவுகள், கோவையைவிடப் பூமத்தியரேகைக்குப் பக்கத்தில் இருக்கின்றன.

ஹம்போல்ட் பென்குயின்களின் சொந்த ஊர் பெரு, சிலி நாடுகளின் கரை. தரை காய்ந்து கிடந்தாலும், தெற்கிலிருந்து வரும் நீரோட்டத்தால் கடல் சில்லென்றிருக்கும். அந்தக் குளிர்ந்த நீரில்தான் நெத்திலி இன மீன்கள் பெருகும். அதுதான் பென்குயின்களுக்குச் சாப்பாடு.

வீடு? கடற்பறவைகளின் எச்சம்! மழையே இல்லாத தீவுகளில் எச்சம் ஆண்டுக்கணக்கில் குவிந்து கெட்டியாகிவிடும். அதில் வளை தோண்டித்தான் முட்டையிடும். வெயிலும் படாது, எதிரியும் எளிதில் நெருங்க முடியாது.

காட்டில் ஆட்டுப்பட்டி போட்டு மண்ணுக்கு உரமேற்றும் கொங்கு விவசாயிகளுக்கு எச்சத்தின் அருமை தெரியும். 19-ம் நூற்றாண்டில் ஐரோப்பாவும் அதைத் தெரிந்துகொண்டது. கப்பல் கப்பலாக எச்சத்தை வெட்டி உரமாக ஏற்றுமதி செய்தார்கள். பயிர் செழித்தது, பென்குயின்கள் வீட்டை இழந்தன. வளை தோண்ட இடமின்றி வெட்டவெளியில் முட்டையிட்டால், வெயிலும் கடற்காகங்களும் சும்மா விடுமா?

அடுத்த அடி எல் நினோ. கடல் சூடானால் மீன்கள் ஆழத்துக்கும் தூரத்துக்கும் போய்விடும். 1982-83 எல் நினோவில் கலாபகஸ் பென்குயின்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் அழிந்தன. அதே எல் நினோதான் பல ஆண்டுகளில் நம் தென்மேற்குப் பருவமழையையும் குறைக்கிறது. சிறுவாணியும் ஆழியாறும் நிறைவது அந்த மழையில்தானே!

பனியை நம்பியிருக்கும் எம்பரர் பென்குயின்களும் தப்பவில்லை. 2022-ல் அண்டார்டிகாவின் பெல்லிங்ஷாசன் கடல் பகுதியில் பனித்தளம் சீக்கிரமே உடைந்தது. நீந்தத் தேவையான இறகு முளைக்காத குஞ்சுகள், ஐந்து குடியிருப்புகளில் நான்கில் ஒன்றுவிடாமல் இறந்திருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

ஆனாலும் வழி இருக்கிறது. ஆப்பிரிக்க பென்குயின்கள் 2024-ல் மிகவும் அழியும் ஆபத்தில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டன. அவற்றுக்காகத் தென்னாப்பிரிக்காவில் செயற்கைக் கூடுகள் வைக்கிறார்கள். ஆறு முக்கிய வாழிடங்களைச் சுற்றி, மத்தி, நெத்திலி பிடிக்கும் வணிகப் படகுகளுக்குப் பத்தாண்டுத் தடை விதித்து 2025 மார்ச்சில் நீதிமன்றம் உத்தரவிட்டது.

மும்பையில் குளிரை மெஷின் தந்துவிடும், மீனை மனிதர்கள் ஊட்டிவிடுவார்கள். கடலில் அந்த இரண்டையும் கடல்தான் தர வேண்டும். அடுத்தமுறை வீட்டுக் குட்டீஸ் பென்குயின் வரைந்தால், பனிமலை இல்லாவிட்டாலும் பரவாயில்லை; கடலையும் நாலு மீனையும் மறக்காமல் வரையச் சொல்லுங்கள்!