கொலை நீங்கினால் புலால் நீங்குமா?

ஆட்டிறைச்சி வேண்டுமாயின் ஆடு அறுபடவேண்டும் என்பது அண்மைக்காலம் வரை எவரும் ஐயுறாத உண்மையாக இருந்தது. தீபாவளிக்கு முந்திய நாள்களில் தேக்கா சந்தையின் இறைச்சிக் கடைகளில் வரிசையில் நிற்போரும், அவ்வரிசையில் ஒருநாளும் நில்லாத சைவ உணவினரும் இதில் ஒத்த கருத்தினரே. உண்பவர் அதனைப் பொறுத்துக்கொண்டனர். உண்ணாதவர் அதன்பொருட்டே மறுத்தனர். இருசாராருக்கும் பொதுவாயிருந்த அவ்வுண்மை இன்று ஆட்டங் கண்டுள்ளது. அதனை வணிகத்தில் முதன்முதலாக அசைத்த நாடு சிங்கப்பூரே.

ஆய்வகத்தில் உயிரணுக்களிலிருந்து வளர்த்த இறைச்சியை விற்பதற்கு 2020 டிசம்பர் வரை உலகில் எந்த நாடும் இசைவளித்ததில்லை. அம்மாதத்தில் சிங்கப்பூர் உணவு அமைப்பு, ஈட் ஜஸ்ட் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் கோழியிறைச்சிக்கு அனுமதி வழங்கியது. 2024-இல் காடையும் அவ்வழியே வந்தது. இதே வகைப் பொருளை இத்தாலி 2023-இலும், அமெரிக்காவின் ஃபுளோரிடா, அலபாமா மாநிலங்கள் 2024-இலும் தடைசெய்தன. உலகம் இவ்வாறு இருகூறாக நின்று வழக்காடும் பொருள் ஒன்று சொந்த ஊர்க் கடைக்கே வந்துவிட்டது. தமிழ் வகுப்பறையோ வாய் திறக்கவில்லை. 'இஃது அறிவியல் பாடம், ஆங்கிலத்தில் நடக்கவேண்டியது, தமிழாசிரியருக்கு இதில் என்ன வேலை?' என்பார் உளர். அவர் கூற்று இருவகையால் பிழையுடையது.

தமிழில் இதனைச் சொல்ல இயலாது என்னும் மயக்கம் முதற்பிழை. சொல்லிப் பார்த்தாலன்றோ இயலாமை தெரியும்? தசை காயமுற்றால் அதனைச் செப்பனிடும் உயிரணுக்கள் சில, தசைநாரின் மேலுறைக்கு அடியில் உறங்கிக் கிடக்கின்றன. அலெக்சாந்தர் மாரோ என்னும் அறிஞர் 1961-இல் தவளையின் தசையில் அவற்றைக் கண்டு எழுதினார். தாமும் பெருகி, வேண்டும்போது வேறுவகை உயிரணுவாக மாறவும் வல்ல இத்தகையவற்றைத் தமிழில் குருத்தணு என்பர். ஆங்கிலச் சொல் தண்டினைச் சுட்டி நிற்க, தமிழ்ச் சொல்லோ இன்னும் விரியாத வாழைக் குருத்தையே கண்முன் நிறுத்துகிறது. ஆட்டின் தசையில் சிறு துணுக்கை எடுத்து, அதிலுள்ள குருத்தணுக்களைப் பிரித்து, சர்க்கரையும் உப்பும் அமினோ அமிலங்களும் வளர்ச்சிக்குரிய புரதங்களும் கலந்த நீர்மத்தில், உடற்சூட்டளவு வெம்மையில் வைத்தால், ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். பின்னர் ஊட்டத்தை மாற்றினால் அவை பெருகுவதை விடுத்து, ஒன்றோடொன்று கூடித் தசைநாராகும். நெதர்லாந்தின் மார்க் போஸ்ட் 2013-இல் மாட்டின் தசையணுக்களைக்கொண்டு செய்த இறைச்சி வடையை இலண்டனில் சமைத்துக் காட்டியதும் இம்முறையாலேயே.

ஆடு எளிதில் வசப்படவில்லை. சுண்டெலியின் கருவிலிருந்து குருத்தணுக்களைப் பிரித்து வளர்த்தது 1981-இல். ஆட்டின் கருவிலிருந்து எடுத்தவற்றை நிலையாக வளர்க்க 2020 வரை காத்திருக்க நேர்ந்தது. முதிர்ந்த உயிரணுவையே குருத்தணு நிலைக்கு மீட்கும் வழியைச் சப்பானிய அறிஞர் யாமானாக்கா 2006-இல் காட்டினார். மெல்பர்னைச் சேர்ந்த மேஜிக் வேலி என்னும் நிறுவனம் அவ்வழியைப் பின்பற்றி, உயிருள்ள குட்டி ஒன்றன் தோலணுக்களிலிருந்து ஆட்டிறைச்சி வளர்த்து 2022-இல் வெளிக்காட்டியது. சிங்கப்பூருக்கு ஆட்டிறைச்சி அனுப்பும் நாடுகளில் ஆஸ்திரேலியாவும் ஒன்று என்பது கருதத்தக்கது. இத்துணையும் சொல்வதற்குத் தமிழ் எவ்விடத்தும் தடுமாறவில்லை.

இரண்டாம் பிழை முதலினும் பெரிது. இது வெறும் அறிவியற் செய்தி என்று கருதுவதே அப்பிழை. 'கொலையற்ற இறைச்சி' என்னும் பெயரோடு இப்பொருள் விற்பனைக்கு வருகிறது. கொலை எது, புலால் எது என்று எடைபோடும் வேலை நுண்ணோக்கிக்கு உரியதன்று, அறநூலுக்கு உரியது. திருவள்ளுவர் புலால் மறுத்தலை 26-ஆம் அதிகாரமாகவும், கொல்லாமையை 33-ஆம் அதிகாரமாகவும் தனித்தனியே வைத்தார். இரண்டும் ஒன்றே எனில் இரண்டு அதிகாரம் எதற்கு? ஆய்வக இறைச்சி அவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வரப்பின்மேல் வந்து நிற்கிறது. உண்பவர் வாங்குவதனாலன்றோ விற்பவர் கொல்கிறார் என்பது 26-ஆம் அதிகாரத்தின் வாதங்களுள் ஒன்று. ஆடு சாகாமல் துணுக்கு மட்டும் தருமாயின் அவ்வாதம் தளரும். ஊன் என்பது வேறோர் உடலின் காயமே என்னும் வாதம் முற்றும் போகாது. ஊசி பட்ட இடமும் காயமன்றோ? தன் உடல் தடிக்க மற்றோர் உயிரின் உடலை உண்பவனுக்கு அருள் எங்ஙனம் என்னும் வாதமோ சிறிதும் அசையாது. ஆகவே கொலை குறைவது நன்றே எனினும், கொலை நீங்கியதனாலேயே புலால் நீங்கிவிடாது.

'கொலையற்ற' என்னும் அடைமொழிதானும் முழுமெய்யோ? ஆய்வகங்களில் உயிரணு வளர்க்க நெடுங்காலமாகப் பயன்பட்டு வருவது, அறுக்கப்பட்ட சினைப்பசுவின் வயிற்றிலுள்ள கன்றின் குருதியிலிருந்து பிரித்த ஊனீர். 2020-இல் சிங்கப்பூரில் அனுமதி பெற்ற கோழியிறைச்சியும் சிறிதளவு அதனைக்கொண்டு வளர்ந்ததே. அஃதில்லாமல் வளர்ப்பதற்கான அனுமதி 2023 சனவரியில்தான் கிடைத்தது. அன்றியும், 2024-இல் சிங்கப்பூர் இறைச்சிக் கடை ஒன்றில் விற்பனைக்கு வந்த பொட்டலத்தில் கோழியின் உயிரணு 3 விழுக்காடே. எஞ்சியது பெரும்பாலும் பயிர்ப் புரதம். சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள இடைவெளியை அளந்து காட்டுவது தமிழாசிரியர் வேலை இல்லையெனில் வேறு எவர் வேலை?

சிங்கப்பூர் இசுலாமிய சமய மன்றம் இவ்வினாவை ஒதுக்கவில்லை. எவ்விலங்கின் உயிரணு, எந்நீர்மத்தில் வளர்ந்தது, தூயதல்லாத பொருள் கலந்துளதா என்று ஆராய்ந்து, நிபந்தனைகளோடு உண்ணலாம் என்று 2024 பிப்ரவரியில் தீர்ப்புரைத்தது. தமிழ் முசுலிம்களுக்கு இதனால் ஒரு விடை உண்டு. மற்றத் தமிழர் என் செய்தனர்? மாட்டிறைச்சி உண்ணாதவர் மாட்டின் உயிரணுவில் வளர்ந்ததை உண்ணலாமா? நாள் பார்த்துச் சைவம் உண்பவர் அந்நாளில் இதனைத் தொடலாமா? 'போலிக் கறி' என்று நகைத்துவிட்டு நடந்தால் வினா மறைந்துபோகாது. வீட்டிலுள்ள பிள்ளை அதனை ஆங்கிலத்தில் கேட்டு, ஆங்கிலத்திலேயே விடை பெற்றுக்கொள்ளும். அறத்தைப் பற்றிப் பேச ஒரு மொழி, பண்டிகைக்கு ஒரு மொழி என்று பிள்ளை பிரித்துக்கொள்ளும் நாளில் தமிழுக்கு எஞ்சுவது கோலமும் முறுக்குமே.

'குறளை ஆய்வகத்துக்குள் இழுப்பதா?' என்று முகஞ்சுளிப்போர் நீலகேசியை எண்ணிப்பார்த்தல் நலம். பிறர் கொன்றதை உண்பவனுக்குப் பாவம் உண்டா என்று பௌத்தரோடு வழக்காடிய சமணக் காப்பியம் அது. தன் காலத்தின் உணவு வழக்கைத் தமிழ் அன்று அஞ்சாமல் பேசிற்று. இன்று அஞ்சுவது மொழியன்று, அதனைக் கற்பிப்பவரே.

26-ஆம் அதிகாரம் பாடமாகும் நாளில், பதவுரையும் பொழிப்புரையும் முடிந்தபின், ஆசிரியர் ஒரு வினாவைக் கரும்பலகையில் எழுதட்டும்: 'ஆடு உயிரோடு மேய, அதன் தசை கலத்தில் வளர்ந்தால், அது புலாலா?' வகுப்பு இரண்டாகப் பிரியும். பிரியட்டும். பத்துக் குறளையும் தேர்வுக்கன்றித் தம் வாதத்துக்காக மாணவர் புரட்டும் நேரம் அன்றுதான் தொடங்கும்.