சிறிய கட்டியும் நல்ல கருவியும்

மார்பகத்தில் கட்டி இருக்குமோ என்ற ஐயத்துடன் வருவோரின் குடும்பத்தினர், "உடல் முழுவதும் பெட் ஸ்கேன் எடுத்துவிடுங்கள் டாக்டர், எது இருந்தாலும் தெரிந்துவிடுமே" என்று எங்களிடம் கேட்பதுண்டு. அந்த நம்பிக்கை முழுவதும் சரியன்று. உடல் முழுவதையும் பார்க்கும் கருவி, ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான மார்பகக் கட்டியைத் தவறவிடக்கூடும்.

அணு மருத்துவத்தில் சிறிதளவு கதிரியக்க மருந்து நரம்பின் வழியே செலுத்தப்படுகிறது. புற்றுநோய்ச் செல்கள் பெரும்பாலும் அதை அருகிலுள்ள செல்களைவிட மிகுதியாக ஈர்த்துக்கொள்கின்றன. அங்கிருந்து வெளிப்படும் கதிர்களைக் கேமரா பதிவு செய்கிறது. கட்டி சிறிதாகவும் கேமரா தொலைவிலும் இருந்தால், அந்தப் புள்ளி சுற்றியுள்ள மங்கலில் கரைந்துவிடுகிறது.

1990-களில் பெரிய காமா கேமராக்களைக் கொண்டே மார்பகமும் படமெடுக்கப்பட்டது. இதயப் பரிசோதனையில் பயன்படும் டெக்னீசியம்-99எம் செஸ்டமிபி என்னும் மருந்தே இதற்கும் பயன்பட்டது. சிறிய கட்டிகள் பல அப்படங்களில் தென்படவில்லை. பின்னர் மார்பகத்திற்கென்றே சிறிய கேமராக்கள் உருவாயின. அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் பயன்படுத்திய முறையில், மார்பகம் இரண்டு தட்டையான கேமராக்களுக்கு இடையே மென்மையாக அழுத்திப் பிடிக்கப்படுகிறது. காட்மியம் துத்தநாக டெல்லூரைடு என்னும் குறைக்கடத்தி, காமா கதிரை நேரடியாக மின் சைகையாக மாற்றுகிறது. இதனால் கேமராவின் விளிம்பு மார்புச் சுவரை நெருங்கிச் செல்ல முடிகிறது.

அவர்கள் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், அடர்ந்த மார்பகத் திசு கொண்ட 1,585 பெண்கள் இடம்பெற்றனர். மேமோகிராம் மட்டும் ஆயிரம் பேரில் ஏறத்தாழ 3 பேரிடம் புற்றுநோயைக் காட்டியது. இப்படத்தையும் சேர்த்தபோது அந்த எண்ணிக்கை 12 ஆயிற்று. அடர்ந்த திசுவும் கட்டியும் மேமோகிராமில் ஒன்றுபோல் வெண்மையாகத் தெரிவதே இந்த வேறுபாட்டிற்கு முக்கியக் காரணம்.

இனி எங்கள் கருத்து. ஒரு கருவியின் உணர்திறன் கூடும்போது அந்த ஆதாயத்தை மூன்று வழிகளில் செலவிடலாம்: படத்தை மேலும் கூர்மையாக்கலாம், நேரத்தைக் குறைக்கலாம், அல்லது மருந்தின் அளவைக் குறைக்கலாம். முதற்பங்கு மருந்தைக் குறைப்பதற்கே செல்ல வேண்டும் என்பது எங்கள் உறுதியான நிலை. முன்பு 740 மெகாபெக்கரலும் அதற்கு மேலும் கொடுக்கப்பட்ட மருந்து, மேற்கூறிய ஆய்வில் ஏறத்தாழ 300-ஆகக் குறைந்தது. அப்படியிருந்தும் கதிர்வீச்சு மேமோகிராமைவிடப் பலமடங்கு அதிகம். அது மார்பகத்தோடு நில்லாமல் உடல் முழுவதும் சேர்கிறது. நோய் உறுதியான ஒருவருக்கு ஒருமுறை எடுப்பதில் எங்களுக்குத் தயக்கமில்லை. நலமாயிருக்கும் பெண்ணுக்கு ஆண்டுதோறும் எடுக்க நினைத்தால் கணக்கு மாறுகிறது.

நேரத்தைக் குறைப்பதே முதன்மை என்று கூறுவோரும் உண்டு. நான்கு கோணங்களிலும் படமெடுக்க ஏறத்தாழ 40 நிமிடம் ஆகிறது. தோள்வலி உள்ள மூதாட்டிக்கு அது எளிதன்று. அவ்வாதத்தை நாங்கள் மதிக்கிறோம். ஆயினும் அசையாது அமர்ந்திருக்கும் சிரமம் அன்றே தீர்ந்துவிடும். உடலில் சேரும் கதிர்வீச்சோ ஒவ்வொரு பரிசோதனையிலும் கூடிக்கொண்டே போகும்.

இன்னொன்றையும் வலியுறுத்துகிறோம். படத்தில் மட்டுமே தெரியும் ஒரு புள்ளியிலிருந்து ஊசிவழியே திசு எடுக்க வசதி இல்லையெனில், அக்கருவி விடையளிக்காமல் கவலையை மட்டுமே தந்து அனுப்பும். ஆகவே திசு எடுக்கும் வசதியும் கேமராவுடன் சேர்ந்தே வர வேண்டும்.

வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டியது இதுவே. மேமோகிராமும் அல்ட்ராசவுண்டும் இன்றும் முதல் படிகள். உங்கள் மேமோகிராம் அறிக்கையில் 'அடர்ந்த திசு' என்று எழுதப்பட்டிருந்தால், அடுத்து என்ன பரிசோதனை தேவை என்று மருத்துவரிடம் கேளுங்கள். கையில் கட்டி தட்டுப்பட்டால், எந்த ஸ்கேன் 'இயல்பு' என்று கூறினாலும் அத்துடன் நிறுத்திவிட வேண்டாம். பயாப்சி தேவையா என்று தயங்காமல் கேளுங்கள். அவ்வாறு கேட்பது உங்கள் உரிமை. தெளிவாக விடை சொல்வது எங்கள் கடமை.