தேசப்படம் வரைந்த பிரதம மந்திரி

பூகோளப் பேராசிரியர் ஒருவர் நாட்டை ஆள வந்தால் என்ன ஆகும்? ஐரோப்பாவில் உள்ள ஹங்கேரி அதைக் கண்டது. அவர் பெயர் பால் டெலெகி.

டெலெகி 1879-ல் ஒரு பிரபுக் குடும்பத்தில் பிறந்தார். ஜப்பான் தீவுகளின் பழைய தேசப்படங்களைப் பற்றி 1909-ல் அவர் வெளியிட்ட நூலுக்குப் பிரான்சில் பரிசு கிடைத்தது.

சிவப்புப் படம்

முதல் உலக யுத்தத்தில் ஹங்கேரி தோற்றது. நாட்டைப் பங்கு போட அண்டை நாடுகள் காத்திருந்தன. சமாதான மகாநாட்டில் காட்டுவதற்காக டெலெகி ஒரு படம் தயாரித்தார். 1910-ம் ஆண்டின் ஜனத்தொகைக் கணக்கே அதற்கு ஆதாரம். ஹங்கேரியருக்குச் சிவப்பு நிறம். மற்றவர்களுக்கு வேறு நிறங்கள். ஜனங்கள் குறைவாக உள்ள மலைப் பகுதிகளை வெள்ளையாக விட்டுவிட்டார்.

கணக்கு பொய்யல்ல. ஆனால் சமவெளியின் சிவப்புதான் கண்ணில் பட்டது. மலைகளில் சிதறி வாழ்ந்த ருமேனியரின் நிறம் சுருங்கித் தெரிந்தது.

படம் பலிக்கவில்லை. 1920 ஜூன் 4-ல் டிரியானான் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஹங்கேரி மூன்றில் இரண்டு பங்கு நிலத்தை இழந்தது.

சட்டத்திலும் அதே கணக்கு

அதே ஆண்டு டெலெகி பிரதம மந்திரி ஆனார். ஜனத்தொகையில் எந்த இனத்துக்கு எத்தனை பங்கோ, சர்வகலாசாலையிலும் அத்தனை இடமே என்று சட்டம் வந்தது. யூத மாணவர்களுக்குக் கதவு அடைபட்டது. 1939-ல் அவர் மீண்டும் பதவிக்கு வந்தார். யூதருக்கு எதிராக இன்னொரு கடுமையான சட்டமும் நிறைவேறியது.

ஆனாலும் அதே ஆண்டு, போலந்தைத் தாக்க வழி கேட்ட ஜெர்மனிக்கு அவர் வழி விடவில்லை. போலந்து அகதிகளுக்கு இடம் கொடுத்தார்.

தயவுக்கு விலை

1940-ல் ஜெர்மனி, இத்தாலி தயவால் இழந்த நிலத்தில் ஒரு பகுதி திரும்பி வந்தது. அந்த டிசம்பரில் யுகோஸ்லாவியாவுடன் ஹங்கேரி நட்பு ஒப்பந்தம் செய்தது. நான்கே மாதத்தில், அந்த நாட்டைத் தாக்க ஹிட்லர் துணைக்கு அழைத்தார். நிலம் பெற்றுக்கொண்ட ஹங்கேரியால் மறுக்க முடியவில்லை. 1941 ஏப்ரல் 3 அன்று டெலெகி தம் உயிரைப் போக்கிக்கொண்டார். கொடுத்த வாக்கைத் தவறிவிட்டோம் என்று ஆட்சித் தலைவருக்குக் கடிதம் எழுதி வைத்திருந்தார்.

2004-ல் தலைநகர் புடாபெஸ்டில் அவருக்குச் சிலை வைக்க முயன்றபோது பலத்த எதிர்ப்பு எழுந்தது. சிலை வேறு ஊருக்குப் போயிற்று.

படித்தவர் ஆட்சிக்கு வருவது நல்லதுதான். ஆனால் ஜனங்களை நிறமாகவும் எண்ணிக்கையாகவும் மட்டும் பார்த்தால், படிப்பும் நாட்டைக் காப்பாற்றாது.