கிருமிக்குள் எரிந்த மின்மினி விளக்கு!

தாம்பரத்துக்கு ரயிலில் போகிறவர்களுக்கு "சானடோரியம்" ஸ்டேஷனைத் தெரியும். 1928-ம் ஆண்டு டாக்டர் சௌரிமுத்து அங்கே காசநோயாளிகளுக்கு ஆஸ்பத்திரி தொடங்கினார். அப்போது காசநோய்க்கு மருந்து கிடையாது. நல்ல காற்று, ஓய்வு, சத்தான உணவு, இவைதான் சிகிச்சை!

பிறகு மருந்துகள் வந்தன. கூடவே புதிய தொல்லையும் வந்தது. சில கிருமிகள் மருந்துக்கு அடங்க மறுத்தன. எந்த மருந்து கேட்கும் என்று அறிய, நோயாளியின் சளியில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கவேண்டும். காசநோய்க் கிருமி மெதுவாக வளரும். முடிவு தெரிய வாரக்கணக்கில் ஆகும். அதுவரை பயன்படாத மருந்தையே கொடுக்க நேரலாம். வீட்டில் உள்ளவர்களுக்கும் நோய் தொற்றலாம்.

கிருமிக்கும் ஓர் எமன்

கிருமியைத் தாக்கும் வைரஸ் ஒன்று உண்டு. அதன் பெயர் பேஜ். மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கிறது. மனிதருக்கு அதனால் நோய் வராது. கிருமியின் மேல் உட்கார்ந்து, ஊசி போடுவதுபோலத் தன் மரபணுவை உள்ளே செலுத்திவிடும்.

மரபணு என்பது உயிருக்குள் இருக்கும் கட்டளைச் சீட்டு. பேஜ் தன் சீட்டோடு நாம் கொடுக்கும் சீட்டையும் கொண்டுபோகுமா?

போகும்! 1993-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் மின்மினிப் பூச்சியின் ஒளிக்குக் காரணமான மரபணுவைப் பேஜில் வைத்தார்கள். அது புகுந்த காசநோய்க் கிருமி, அதற்கான ரசாயனத்தைச் சேர்த்ததும் ஒளி விட்டது. மருந்து சேர்த்த பிறகு ஒளி மங்கினால், மருந்து கேட்கிறது. மங்காவிட்டால், கேட்கவில்லை!

சென்னை மண்ணில்

தாம்பரத்திலிருந்து கடற்கரை ரயிலில் போனால் வழியில் சேத்துப்பட்டு வரும். அங்குள்ள காசநோய் ஆராய்ச்சி மைய விஞ்ஞானிகள் சென்னையிலேயே பேஜ்களைத் தேடிப் பிடித்தார்கள். சென்னையின் பெயரைச் சேர்த்து "செ-12" என்று ஒன்றுக்குப் பெயரிட்டார்கள். அதில் மின்மினி மரபணுவை ஏற்றினார்கள். வளராமல் உறங்கும் கிருமிகளையும் கண்டுபிடிக்க அது உதவும் என்று 2008-ல் அறிவித்தார்கள்.

ஆனால் ஆஸ்பத்திரிகளில் இந்த முறை பரவவில்லை. கிருமியின் மரபணுவை நேரே சோதிக்கும் கருவிகள் முந்திக்கொண்டன. முக்கிய மருந்தான ரிபாம்பிசின் கேட்குமா என்பதை அவை சில மணி நேரத்தில் சொல்லிவிடுகின்றன.

மனித உடலுக்குள்?

அப்படியானால் உழைப்பு வீணா? இல்லை. பேஜ் நல்ல தபால்காரன் என்பது தெரிந்துவிட்டது. மனித உடலில் பழுதான மரபணுவுக்குப் பதில் நல்லதைக் கொண்டுபோக அது உதவுமா என்பதே இன்றைய கேள்வி.

இப்போது அதிகம் பயன்படும் வைரஸ் சுமார் 5,000 எழுத்துகள் கொண்ட மரபணுவைத்தான் சுமக்கும். சிறுவர்களின் தசையைக் கரைக்கும் ஒரு கொடிய நோய்க்குத் தேவையான முழு மரபணுவுக்கு 11,000 எழுத்துகள்! அமெரிக்காவில் பேராசிரியர் வெனிகல்ல ராவ் குழுவினர் "டி-4" என்ற பேஜை எடுத்தார்கள். அது 1,71,000 எழுத்துகள் சுமக்கும். அதற்குக் கொழுப்புப் போர்வை போர்த்தி, அந்த முழு மரபணுவையும் மனித அணுக்களுக்குள் சேர்த்ததாக 2023-ல் தெரிவித்தார்கள்.

இது ஆய்வுக்கூடச் சோதனைதான். நோயாளிக்கு வர இன்னும் பல படிகள் ஏறவேண்டும்.

காசநோய்க்கோ இன்றே மருந்து இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நின்றபாடில்லையா? அரசு ஆஸ்பத்திரியில் சளியைச் சோதியுங்கள். பரிசோதனையும் மருந்தும் இலவசம். தொடங்கிய மருந்தைப் பாதியில் நிறுத்தாதீர்கள். அடங்காத கிருமி பிறப்பதற்கு அதுவும் ஒரு காரணம்!