எண்ணெய் குடிக்கும் மாவு எது?

சித்திரை மாதம். வெயில் தஞ்சாவூரைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. உறவுக்காரக் கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, கல்லூரி விடுமுறையில் வந்திருந்த என் மகள் ரீல்ஸ் பார்த்து 'பாடி ஸ்க்ரப்' செய்தாள். ஒரு கப் சர்க்கரை, அரை கப் தேங்காய் எண்ணெய், நாலு சொட்டு வாசனை எண்ணெய். வீடியோவில் அது வெண்ணெய் மாதிரி திரண்டு நின்றது. எங்கள் வீட்டு பாட்டிலில் சர்க்கரை அடியில் உட்கார்ந்துகொள்ள, மேலே இரண்டு விரற்கடை உயரத்துக்கு எண்ணெய் மிதந்தது.

"பரவாயில்லைம்மா, கலக்கிக்கலாம்" என்று கலக்கித் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தாள். அடுத்து குளியலறைக்குப் போனவர் என் மாமியார். டைல்ஸ் தரையில் எண்ணெய்ப் படலம். 'தடால்' என்று ஒரு சத்தம்.

தலையில் அடிபடவில்லை என்பது புண்ணியம். வலது கை மணிக்கட்டில் எலும்பு முறிவு, ஆறு வாரத்துக்குக் கட்டு. பேத்தி அழுது தீர்த்துவிட்டாள். கட்டுப் போட்டு வீட்டுக்கு வந்த அத்தைதான் அவளைச் சிரிக்க வைத்தார்: "நீ அந்த எண்ணெயில போடாம விட்ட மாவையெல்லாம் சேத்து என் கையில மாவுக்கட்டாப் போட்டு அனுப்பிட்டாங்கடி!"

சிரித்துவிட்டாலும் அந்தப் பேச்சு என் மனதில் தங்கிவிட்டது. வாசகிகள் பலர் எனக்கு அனுப்பும் கேள்வியும் இதுதானே? 'வீட்டில் செய்யும் ஸ்க்ரப் எண்ணெயாகவே வழிகிறது. கெட்டியாக்க இயற்கையாக என்ன சேர்க்கலாம்?' அத்தை நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, நானும் மகளும் டம்ளர்களை வரிசையாக வைத்து ஒவ்வொரு மாவாகச் சோதித்துப் பார்த்தோம். அதில் தெரிந்ததுதான் இந்த வாரம்.

வீடியோவில் திரண்டது இங்கே ஏன் திரளவில்லை?

தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால்தான் உறையும். குளிர் நாட்டுச் சமையலறையில் அது தானாகவே வெண்ணெய்ப் பதத்தில் இருக்கும். அங்கே கெட்டிப்படுத்த வேறெதுவும் தேவையில்லை. நம் ஊரில் மார்கழி விடியற்காலையில் வேண்டுமானால் பாட்டிலில் கொஞ்சம் உறைந்து நிற்கும். சித்திரையில் அது தண்ணீர்தான். அளவில் தவறு இல்லை, ஊர்தான் வேறு.

சரி, சர்க்கரையைக் கூட்டினால்? கூடாது. சர்க்கரை எண்ணெயில் கரையாது, எண்ணெயை உறிஞ்சவும் செய்யாது. கூட்டக் கூட்டத் தோலில் உரசல்தான் அதிகமாகும்.

இரண்டு வேலை செய்ய வேண்டும்

முதல் நாள் நான் எடுத்துவந்தது தேன்மெழுகு. அறுபது டிகிரிக்குச் சற்று மேலே உருகும். இளஞ்சூட்டில் எண்ணெயோடு சேர்த்து உருக்கி ஆறவிட்டால் அருமையாகக் கெட்டிப்படும். பார்க்க வீடியோவில் வந்த மாதிரியே இருந்தது. எனக்கு ஒரே பெருமை.

அத்தை இடது கையால் தொட்டுப் பார்த்தார். "கெட்டியாத்தான் இருக்கு. தண்ணி ஊத்தினா போவுமா?" என்றார்.

ஊற்றிப் பார்த்தேன். போகவில்லை. கையில் மெழுகுப் பூச்சாக நின்றது. தரையில் விழுந்தால் முன்பைவிட மோசம்.

"ஏம்மா, கெட்டியாவறது ஒரு வேலை, கழுவினா போறது இன்னொரு வேலை. ரெண்டையும் செய்யறதைப் போடு."

குதிகால் வெடிப்புக்குக் களிம்பு செய்ய மெழுகு நல்லது. குளியலுக்கு வேண்டாம். அத்தை சொன்ன இந்த இரண்டு வேலையையும் அளவுகோலாக வைத்துக்கொண்டு மற்றவற்றைப் பார்த்தோம்.

பச்சைப்பயறு மாவு: முதல் இடம்

டெல்டாவில் சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே, நிற்கிற பயிருக்குள் பயறும் உளுந்தும் தெளித்துவிடுவார்கள். மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்தையும் பனியையும் குடித்தே வளர்ந்து பங்குனிவாக்கில் கைக்கு வரும். அதனால் கோடை தொடங்கும்போது எங்கள் பக்கம் வீடுகளில் புதுப்பயறு இருக்கும். அதை வெயிலில் காயவைத்து, மில்லில் நைசாக அரைத்துச் சலித்தால் மாவு தயார்.

ஒரு கரண்டி எண்ணெய்க்கு இரண்டு கரண்டி பயற்றமாவு போட்டோம். பத்து நிமிடத்தில் அதிரச மாவுப் பதத்துக்கு வந்தது. தண்ணீர் ஊற்றித் தேய்த்தால் பால் மாதிரி வெள்ளையாக வழிந்தோடியது. காரணம் இதுதான்: பயற்றில் புரதம் அதிகம். எண்ணெயையும் தண்ணீரையும் ஒட்டவைக்கும் குணம் அந்தப் புரதத்துக்கு உண்டு. அதனால் எண்ணெயை இழுத்துக்கொண்டே கழுவலில் போய்விடுகிறது. பிறந்த குழந்தை முதல் மணப்பெண்ணின் நலங்கு வரை நம் வீடுகளில் பயற்றமாவு புழங்கியது வெறும் சம்பிரதாயம் இல்லை.

கடலை மாவும் ஏறக்குறைய இதே வேலையைச் செய்யும். கொஞ்சம் பிசுபிசுப்பு கூடும், காய்ந்தால் இழுத்துப் பிடிக்கும். பயறு கிடைக்காத ஊரில் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

அரிசி மாவு: தனியாக வேண்டாம்

அரிசி மாவில் பெரும்பகுதி மாவுச்சத்து. சூப்பில் சோள மாவு போட்டால் கெட்டியாவதைப் பார்த்து, இங்கேயும் அப்படி ஆகும் என்று நினைப்போம். அங்கே மாவுச்சத்து சூட்டில் தண்ணீரைக் குடித்து உப்புவதால்தான் கெட்டியாகிறது. எண்ணெயில் அது உப்பாது, துகள்களுக்கு இடையே எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். எங்கள் டம்ளரில் ஒரு ராத்திரி வைத்ததும் மாவு அடியிலும் எண்ணெய் மேலேயும் பிரிந்துவிட்டது.

ஆனால் பயற்றமாவில் நாலில் ஒரு பங்கு அரிசி மாவு கலந்தால் பிசுக்கு குறைந்து தேய்ப்பதற்கு நன்றாக இருக்கும். ஒன்று கவனம்: நைஸ் மாவாக இருக்கட்டும். நொய்யைக் கொரகொரப்பாக உடைத்துப் போட்டால் முழங்கை, குதிகாலுக்கு மட்டும்தான் அது. முகத்தில் வேண்டாம்.

தவிடு: நல்லது, ஆனால் வாழ்நாள் குறைவு

நெல் நாட்டுக்காரர்கள் தவிட்டை விட முடியுமா? நார்ச்சத்து நிறைந்தது, எண்ணெயை நன்றாகவே பிடிக்கும், தோலுக்கு மிருது. சிக்கல் என்னவென்றால், தவிடே எண்ணெய்ப் பொருள். தவிட்டு எண்ணெய் அதிலிருந்துதானே எடுக்கிறார்கள்! நெல்லைத் தீட்டிய உடனேயே தவிட்டில் இருக்கும் ஒரு நொதி அந்த எண்ணெயைச் சிதைக்கத் தொடங்கிவிடும். ஓரிரு நாளிலேயே காறல் வாடை வருவது அதனால்தான். புழுங்கல் நெல்லை அவிக்கும்போதே அந்த நொதி செயலிழந்துவிடுவதால், புழுங்கலரிசித் தவிடு பச்சரிசித் தவிட்டைவிடக் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

மில்லில் கேட்கும்போது அன்றைக்கு அரைத்த புழுங்கல் தவிடாகக் கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் சலித்து, மிதமான தீயில் மணம் வரும்வரை வறுத்து, ஆறவைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். சலிப்பதை மட்டும் மறக்க வேண்டாம். தவிட்டோடு உமித் துணுக்கு வந்தால் அது தோலைக் கீறிவிடும்.

முல்தானி மட்டி: சிட்டிகை போதும்

எண்ணெயை இழுப்பதில் இந்த மண் கெட்டிக்காரர். எண்ணெய்ப் பசைத் தோல் உள்ளவர்கள் பயற்றமாவோடு அரை ஸ்பூன் சேர்க்கலாம். வறண்ட தோல்காரர்களுக்கும் வயதானவர்களுக்கும் வேண்டாம், உள்ள பசையையும் உறிஞ்சி எடுத்துவிடும்.

இவை கெட்டிப்படுத்தாது

தேன் எண்ணெயோடு சேராது, பிரிந்து நிற்கும். காபித்தூள் உரசுமே தவிர எண்ணெயைக் குடிக்காது. தயிர், வாழைப்பழம், கற்றாழை, ரோஜாத் தண்ணீர் எல்லாம் ஈரம். ஈரமும் மாவும் பாட்டிலுக்குள் சேர்ந்தால், நம் ஊர் வெப்பத்தில் அடுத்த நாளே புளிக்கும், பூஞ்சை பிடிக்கும். இவற்றைச் சேர்த்தால் அன்றைக்கே பயன்படுத்தி மீதியைக் கொட்டிவிட வேண்டும்.

பாட்டிலில் கலக்காதீர்கள்

டம்ளர் வரிசையைப் பார்த்துவிட்டு அத்தை கேட்ட கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. "எதுக்கு இதை முன்கூட்டியே கலந்து பாட்டில்ல அடைக்கறீங்க? எண்ணெய் எண்ணெயா இருக்கட்டும், மாவு மாவா இருக்கட்டும். குளிக்கப் போறப்ப உள்ளங்கையில கலந்துக்கிட்டா ஆச்சு."

எவ்வளவு எளிது! தனித்தனியாக இருந்தால் பிரிவதும் இல்லை, புளிப்பதும் இல்லை. இப்போது எங்கள் வீட்டு முறை இதுதான்:

மாவு டப்பாவுக்கு: பச்சைப்பயறு மாவு 3 கப், நைஸ் அரிசி மாவு 1 கப், கஸ்தூரி மஞ்சள் 2 ஸ்பூன், காயவைத்து அரைத்த ஆவாரம்பூவோ ரோஜா இதழோ கைப்பிடி. எல்லாம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரக் கரண்டி போடக் கூடாது.

ஒருவர் ஒருமுறை குளிக்க: மாவு 4 மேசைக்கரண்டி, பொடித்த சர்க்கரை 2 மேசைக்கரண்டி, நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ 2 மேசைக்கரண்டி. கலந்து பத்து நிமிடம் விடுங்கள். மாவு எண்ணெயைக் குடிக்க அந்த நேரம் வேண்டும். அவசரப்பட்டு மேலும் மாவு கொட்டினால் பிறகு உதிர்ந்து போகும். அப்படி உதிர்ந்தால் சில சொட்டு எண்ணெய் விட்டுப் பிசையுங்கள்.

ஏற்கெனவே செய்து வழிந்துகொண்டிருக்கும் பாட்டில் கையில் இருக்கிறதா? ஒரு கப் சர்க்கரைக்கு அரை கப் எண்ணெய் என்ற அளவில் செய்திருந்தால், நாலு முதல் ஆறு மேசைக்கரண்டி பயற்றமாவை ஒவ்வொன்றாகப் போட்டு, இடைவெளி விட்டுக் கலந்தால் சரியாகிவிடும். ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

குளியலறைக்குள் போகும் முன்

முதல்முறை என்றால் முழங்கையின் உட்புறத்தில் கொஞ்சம் தடவி, ஒருநாள் பொறுத்துப் பாருங்கள். புண், சொறி, புதிதாக ஷேவ் செய்த இடம் ஆகியவற்றில் சர்க்கரையும் உப்பும் வேண்டாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் பாதத்தைக் கொரகொரப்பாக எதனாலும் தேய்க்க வேண்டாம். குழந்தைகளுக்குச் சலித்த மாவு மட்டும் போதும்.

முக்காலியில் உட்கார்ந்து தேயுங்கள். தரையில் ரப்பர் விரிப்பு இருக்கட்டும். எண்ணெயும் மாவும் சேர்ந்து வடிகாலை அடைக்கும் என்பதால் மிஞ்சியதைச் செடி ஓரமாகக் கொட்டிவிடுங்கள். முக்கியமாக, குளித்து முடித்தவர்தான் தரையையும் தேய்த்துக் கழுவ வேண்டும். கொஞ்சம் சீயக்காய்த் தூளோ சோப்புத் தூளோ போட்டு, சூடான தண்ணீர் ஊற்றித் தேய்த்துவிட்டு, வெறுங்காலை மெதுவாக வைத்துப் பாருங்கள். வழுக்கினால் இன்னொரு முறை. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இதில் தள்ளுபடியே கிடையாது.

ஆனி பிறப்பதற்குள் அத்தைக்குக் கட்டுப் பிரித்துவிட்டார்கள். ஆறு வாரம் கட்டுக்குள் இருந்த கை வறண்டு செதில் செதிலாக இருந்தது. மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, பேத்திதான் நல்லெண்ணெய் தடவி, சலித்த பயற்றமாவால் பூப்போல எடுத்துவிட்டாள். அதன் பிறகு குளியலறைத் தரையைத் தேய்த்துக் கழுவி, தானே ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு, "இப்ப வாங்க பாட்டி" என்று கூப்பிட்டாள்.